25 சென்ட் டிக்கெட்டும் பச்சைக் குழந்தைகளும்

போன பதிவுக்கு வந்த கருத்துகளுக்கெல்லாம் தனித்தனியாகப் பதில் போட முடியவில்லை, கோபித்துக்கொள்ளாதீர்கள். இன்றைய பதிவு கொஞ்சம் நீளம். கையில் ஒரு டம்ளர் காபியோடு உட்கார்ந்து படியுங்கள்.

அமெரிக்காவில் இருக்கும் என் தம்பி மகன் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஓர் அழைப்பிதழைப் போட்டிருந்தான். அவன் அலுவலகத்தில் நான்கு பேர் சேர்ந்து ஒரு கோல்ஃப் ஆட்டத்துக்குப் பெயர் கொடுத்திருக்கிறார்களாம். வசூலாகும் பணம் அந்த ஊர் ஆஸ்பத்திரியில் பச்சைக் குழந்தைகளுக்கான தீவிர சிகிச்சைப் பிரிவுக்குப் போகிறது. கிரிக்கெட் மட்டையைத் தவிர வேறு மட்டை பிடித்தறியாதவன் அவன். அதன் கீழே என் அக்கா எழுதினாள்: "பந்து அடிச்சா குழந்தைக்கு என்னடா ஆகும்?" எல்லோரும் சிரிக்கிற பொம்மைப் படம் போட்டார்கள். எனக்கு அது நல்ல கேள்வியாகப் பட்டது. பதில் தேடப் போய் சுமார் 140 வருஷம் பின்னால் போய்விட்டேன். சரித்திரம் எடுத்த டீச்சரிடம் கேள்வி கேட்டால் இதுதான் கதி, உங்களுக்குத் தெரியாததா?

முதலில் அந்த ஆட்டம் எப்படி நடக்கிறது என்று சொல்லிவிடுகிறேன். நம்மில் பலர் கோல்ஃப் மைதானத்தை ஊட்டி போகிற பஸ் ஜன்னல் வழியாகப் பார்த்ததோடு சரி. தர்ம காரியத்துக்கான கோல்ஃப் என்பது போட்டி என்ற பெயரில் நடக்கும் ஒரு நாள் திருவிழா. நான்கு நான்கு பேராக அணி. 18 குழிகள். ஒன்றாம் குழியிலிருந்து வரிசையாகப் போனால் பொழுது சாய்ந்துவிடும் என்பதால், ஒவ்வோர் அணியையும் ஒவ்வொரு குழியில் நிறுத்தி, ஒரே சமயத்தில் ஆட்டத்தைத் தொடங்குவார்கள். இதற்கு 'ஷாட்கன் ஸ்டார்ட்' என்று பெயர். 1956இல் வாஷிங்டன் மாநிலத்தில் வாலா வாலா என்ற ஊரில் துப்பாக்கி வெடித்துத் தொடங்கியதால் வந்த பெயர் என்கிறார்கள். இப்போது சங்கு மாதிரி ஒரு ஹாரன்தான் ஊதுகிறார்கள். நான்கு பேரும் அடிப்பார்கள், நால்வரில் யார் பந்து நல்ல இடத்தில் விழுந்ததோ அங்கிருந்து எல்லோரும் அடுத்த அடியை அடிக்கலாம். இதனால் என் தம்பி மகன் மாதிரி கற்றுக்குட்டியும் மானம் போகாமல் ஆடலாம்.

பணம் எங்கிருந்து வருகிறது? நுழைவுக் கட்டணம் ஒன்று. அதைவிடப் பெரிய தொகை, ஒவ்வொரு குழி அருகிலும் பெயர்ப் பலகை வைத்துக்கொள்ளும் வங்கிகளும் கார் வியாபாரிகளும் கொடுப்பது. அப்புறம் 'முல்லிகன்' என்று ஒன்று. தப்பாக அடித்தால் காசு கொடுத்து மறுபடி அடிக்கலாம். (நம் பள்ளியில் இப்படி ஒன்று இருந்திருந்தால் சிலர் வீட்டுப்பாடத்துக்கு எவ்வளவு கட்டியிருப்பீர்கள் என்று நினைத்துப் பார்க்கிறேன்.) ஒரே அடியில் குழியில் போட்டால் கார் பரிசு என்று ஒரு காரைக் கொண்டுவந்து நிறுத்துவார்கள். யாராவது நிஜமாகவே போட்டுவிட்டால் என்ன செய்வது என்று அதற்குத் தனியாக இன்சூரன்ஸ் எடுத்திருப்பார்கள். ராத்திரி விருந்து, ஏலம். ஆட வந்தவர் கொடுத்த பணத்தில் சாப்பாட்டுக்கும் ஆட்டத்துக்கும் ஆன மதிப்பைக் கழித்து மிச்சத்தைத்தான் அங்கே வருமான வரியில் நன்கொடை என்று காட்டலாம். அந்தச் சட்டம் எனக்குப் பிடித்திருக்கிறது. தின்றது எவ்வளவு, தந்தது எவ்வளவு என்று பிரித்துவிடுகிறது.

இனி அக்காவின் கேள்விக்கு வருகிறேன். பச்சைக் குழந்தையின் உயிருக்கும் பெரியவர்களின் பொழுதுபோக்குக்கும் என்ன சம்பந்தம்? நிறைய இருக்கிறது. குறைமாதக் குழந்தைக்கான வைத்தியம் நம் காலத்து உருவத்தில் பிறந்த நாளிலிருந்தே வேடிக்கை பார்க்க வந்தவர்களின் காசில்தான் பாதி வளர்ந்தது.

பாரிஸ் நகரத்தில் ஸ்டெஃபான் டார்னியே என்ற பிரசவ மருத்துவர் இருந்தார். ஏழைப் பெண்கள் பிரசவத்துக்கு வரும் மேட்டர்னிட்டே ஆஸ்பத்திரியில் வேலை. மாதம் நிறையாமல் பிறந்த குழந்தைகள் குளிரிலேயே இறந்துபோவதை நாள்தோறும் பார்த்தவர். அந்த ஊர் விலங்குக் காட்சிசாலையில் கோழிமுட்டை பொரிக்கும் பெட்டியை அவர் பார்த்தார். கோழி அடைகாக்கிற வேலையை வெந்நீர் வைத்த பெட்டி செய்கிறது. இதையே மனிதக் குஞ்சுக்கும் செய்தால் என்ன என்று, காட்சிசாலைக்குப் பெட்டி செய்தவரிடமே ஒரு பெட்டி செய்யச் சொன்னார். 1880-81 வாக்கில் அது ஆஸ்பத்திரிக்கு வந்தது. இரண்டு கிலோவுக்குக் குறைவான எடையில் பிறந்த குழந்தைகளில் 66 சதவீதம் இறந்துகொண்டிருந்தது, 38 சதவீதமாக இறங்கியது. மருந்து இல்லை, ஊசி இல்லை. வெறும் சூடு.

நம் ஊரில் பாட்டிமார் பழைய வேட்டித் துணியில் சுற்றி மடியில் போட்டுக்கொண்டது அந்தச் சூட்டுக்குத்தான். ஆனால் அதே பாட்டிமார் "ஏழு மாசம் தங்கும், எட்டு மாசம் தங்காது" என்றும் சொல்வார்கள். கிரேக்க நாட்டிலும் பண்டைக் காலத்தில் இப்படி நம்பினார்களாம். அது சரியில்லை. எட்டு மாதக் குழந்தைக்கு ஏழு மாதக் குழந்தையைவிடப் பிழைக்கும் வாய்ப்பு அதிகம். இன்னும் யாராவது வீட்டில் இதைச் சொன்னால், டீச்சர் இல்லை என்றார் என்று சொல்லுங்கள்.

பெட்டி வந்தாலும் எல்லா ஆஸ்பத்திரியும் வாங்கிவிடவில்லை. பெட்டியின் விலை ஒரு பக்கம் இருக்கட்டும். இரவு பகலாக ஒரு நர்ஸ் பக்கத்தில் இருந்து சூட்டைப் பார்க்க வேண்டும், பால் குடிக்கத் தெரியாத குழந்தைக்குச் சொட்டுச் சொட்டாகப் புகட்ட வேண்டும். அதற்கு யார் சம்பளம் கொடுப்பது? பிரான்சின் நீஸ் நகரத்தில் அலெக்சாண்டர் லியோன் என்பவர் ஒரு வழி கண்டுபிடித்தார். கடைத்தெருவில் இடம் பிடித்துப் பெட்டிகளை வரிசையாக வைத்து, பார்க்க வருபவர்களிடம் 50 சென்டைம் கட்டணம் வாங்கினார். குழந்தையைக் கொண்டுவந்த தாயிடம் வாங்கவில்லை. 1896இல் பெர்லின் பொருட்காட்சியில் இப்படி ஒரு கொட்டகை, 1897இல் லண்டன் எர்ல்ஸ் கோர்ட்டில் ஒன்று. கூட்டம் அலைமோதியது. காசு வருகிறது என்று தெரிந்ததும் கண்டவர்களும் கொட்டகை போட ஆரம்பிக்க, லண்டனின் 'லான்செட்' மருத்துவப் பத்திரிகை இதைக் கண்டித்து எழுதியது.

லண்டன் கொட்டகையில் இருந்தவர்களில் ஒருவர் மார்ட்டின் கூனி. 1869இல் இன்றைய போலந்தில் இருக்கும் ஓர் ஊரில் பிறந்த யூதர். தன்னை டாக்டர் என்று சொல்லிக்கொண்டார். பாரிஸில் டார்னியேயின் சீடர் பியேர் புதேனிடம் பயின்றதாகவும் சொன்னார். பின்னாளில் தேடியவர்களுக்கு அவர் மருத்துவப் பட்டம் வாங்கியதற்கு ஒரு தடயமும் கிடைக்கவில்லை. 1898இல் ஒமாஹா, 1901இல் பஃபலோ என்று அமெரிக்கப் பொருட்காட்சிகளில் கடை விரித்துவிட்டு, 1903இல் நியூயார்க்கின் கோனி ஐலண்டில் நிலையாக உட்கார்ந்துவிட்டார். கோனி ஐலண்ட் என்றால் நம் மெரினாவையும் தீவுத்திடல் பொருட்காட்சியையும் சேர்த்துப் பத்தால் பெருக்கிக்கொள்ளுங்கள். ராட்டினம், வித்தைக் காட்சிகள், தின்பண்டக் கடை, இவற்றுக்கு நடுவே, உள்ளே உயிருள்ள குழந்தைகள் என்று ஒரு பலகை. வாசலில் ஆள் நின்று கூவிக் கூப்பிடுவான். கட்டணம் 25 சென்ட்.

உள்ளே போனால் வேறு உலகம். வெள்ளை உடை நர்ஸ்கள், கண்ணாடி போட்ட பெட்டிகள், தடுப்புக் கம்பிக்கு இந்தப் பக்கம் கூட்டம். ஒரு நர்ஸ் தன் விரலில் இருந்த மோதிரத்தைக் கழற்றிக் குழந்தையின் மணிக்கட்டில் மாட்டிக் காட்டுவாராம், மோதிரம் வளையல் மாதிரி ஏறும். கூட்டம் "ஆ" என்று வாயைப் பிளக்கும். குழந்தை இன்னும் சிறியதாகத் தெரியட்டும் என்று தொளதொளச் சட்டை போட்டுவிடுவதும் உண்டு. கேட்கவே கூசுகிறது, இல்லையா? எனக்கும் கூசியது. ஆனால் மேலும் படிக்கப் படிக்க அந்த ஆள் மீது எனக்கு மரியாதை கூடிக்கொண்டே போனது.

அவருடைய கணக்கைப் பாருங்கள். ஒரு குழந்தையைப் பராமரிக்க நாளொன்றுக்குச் சுமார் 15 டாலர் ஆயிற்று. டிக்கெட் 25 சென்ட் என்றால் ஒரு குழந்தைக்கு ஒரு நாளைக்கு எத்தனை டிக்கெட் விற்க வேண்டும்? ஐந்தாம் வகுப்புக் கணக்குதான், மனக்கணக்காகப் போடுங்கள். 60 பேர் வேடிக்கை பார்த்தால் ஒரு குழந்தைக்கு ஒரு நாள். பெற்றோரிடம் ஒரு காசு வாங்கவில்லை. கறுப்பர், வெள்ளையர், ஏழை, பணக்காரர் என்ற பேதமும் அங்கே இல்லை. பால் கொடுக்க வரும் தாய்மார்களுக்கு நல்ல சாப்பாடு போட்டார். கடைத்தெருவில் கண்டதைத் தின்பதைப் பார்த்தால் வேலையிலிருந்து நிறுத்திவிடுவாராம். 1911இல் அவருடைய கொட்டகைகளில் ஒன்று இருந்த டிரீம்லேண்ட் பூங்கா தீப்பிடித்து எரிந்து சாம்பலானது. குழந்தைகள் அத்தனை பேரையும் பத்திரமாக வெளியே தூக்கிக்கொண்டு வந்துவிட்டார்கள். 1907இல் கூனிக்கே ஒரு பெண் குழந்தை மாதம் நிறையாமல் பிறந்தது. அது பிழைத்து, வளர்ந்து, நர்ஸாகி, அப்பாவின் கொட்டகையிலேயே வேலை பார்த்தது.

இது அவருடைய கை சுத்தத்தால் நடந்தது, கண்காட்சி என்ற முறையால் நடக்கவில்லை என்பதற்கும் சாட்சி இருக்கிறது. 1904இல் செயின்ட் லூயிஸ் பொருட்காட்சியில் இதே மாதிரிக் கொட்டகையை நடத்தும் உரிமை வேறு ஆட்களுக்குப் போனது. அங்கே பல குழந்தைகள் வயிற்றுப்போக்கு வந்து இறந்தன. பெட்டி அதே பெட்டிதான்.

1933இல் சிகாகோ பொருட்காட்சியில் சாலி ராண்ட் என்ற நடனக்காரியின் விசிறி நடனக் காட்சிக்குப் பக்கத்தில் கூனியின் கொட்டகை இருந்தது. மறு வருஷம் ஜூலையில், முந்தின ஆண்டு அங்கே வளர்ந்து வீட்டுக்குப் போன குழந்தைகளை அம்மாக்களோடு வரவழைத்து ஒரு விழா நடத்தினார். 41 குழந்தைகள் வந்தார்கள். அதே சிகாகோவில் ஜூலியஸ் ஹெஸ் என்ற மருத்துவர், ஆஸ்பத்திரிக்குள் குறைமாதக் குழந்தைகளுக்கென்று தனிப் பிரிவை 1922 முதல் நடத்திக்கொண்டிருந்தார். பட்டம் உள்ள அவர், பட்டம் இல்லாத கூனியை ஒதுக்கவில்லை, நண்பராக வைத்துக்கொண்டார், தம் நூலில் நன்றியும் சொன்னார். இந்த இருவரையும் நினைத்தால் மனசு நிறைகிறது.

கூனி சொன்ன கணக்கு, வந்த குழந்தைகள் 8,000, பிழைத்தவர்கள் 6,500. ஆனால் கூட்டம் நிலையானது இல்லையே. 1939-40 நியூயார்க் உலகப் பொருட்காட்சியில் ஏராளமாகச் செலவு செய்து கட்டடம் போட்டார். மக்களுக்கு அலுத்துவிட்டது. கடன்தான் மிச்சம். 1943இல் அந்த நகரத்தின் பெரிய ஆஸ்பத்திரி ஒன்று குறைமாதக் குழந்தைகளுக்குப் பிரிவு திறந்தபோது, இனி என் வேலை முடிந்தது என்று கோனி ஐலண்ட் கொட்டகையை மூடினார். 1950இல் ஏழ்மையில் இறந்தார்.

இங்கே ஒரு சோகத்தையும் சொல்ல வேண்டும். ஆஸ்பத்திரிகள் நல்ல பெட்டிகள் வாங்கி, காற்றுப் புகாமல் மூடி, பிராணவாயுவைத் தாராளமாக விட்டார்கள். 1940களிலும் 50களின் தொடக்கத்திலும் உயிர் பிழைத்த ஆயிரக்கணக்கான குழந்தைகளுக்குக் கண் போயிற்று. பாடகர் ஸ்டீவி வொண்டர் 1950இல் பிறந்தவர், அவருக்கும் பார்வை போனது இப்படித்தான். அளவுக்கு மீறிய பிராணவாயுதான் காரணம் என்று 1954 வாக்கில் உறுதியானது. வசதி அதிகமான இடங்களில்தான் இது அதிகம் நடந்தது.

1963 ஆகஸ்ட் 7. அமெரிக்க அதிபர் கென்னடிக்கு ஓர் ஆண் குழந்தை, ஐந்தரை வாரம் முன்னதாகப் பிறந்தது. பேட்ரிக் என்று பெயர் வைத்தார்கள். எடை சுமார் 2.1 கிலோ. இன்றைக்கு இந்த எடையைக் கேட்டால் நர்ஸ்கள் பதறமாட்டார்கள். அன்றைக்கு அந்தக் குழந்தையால் மூச்சு விட முடியவில்லை. நுரையீரல் விரிய வேண்டுமானால் உள்ளே சோப்பு நுரை மாதிரி வழவழப்பான ஒரு பொருள் சுரக்க வேண்டும், குறைமாதக் குழந்தைக்கு அது சுரந்திருக்காது. இதை மேரி எலன் ஏவரி என்ற பெண் மருத்துவர் 1959இலேயே கண்டு எழுதிவிட்டார். ஆனால் காரணம் தெரிந்ததே தவிர, கையில் மருந்து இல்லை. உலகத்தின் மிகப் பெரிய அதிகாரம் படைத்த மனிதரின் மகன் 39 மணி நேரம் இருந்துவிட்டுப் போனான்.

அதே அறுபதுகளில் எங்கள் கிராமத்து வீட்டில் எனக்கொரு தம்பி பிறந்தான். இப்போதிருக்கும் தம்பிக்கு மூத்தவன். எட்டு மாதம். எனக்கு விவரம் தெரிந்தும் தெரியாத வயசு. பஞ்சில் சுற்றி, வெந்நீர் நிரப்பிய கண்ணாடிப் பாட்டில்களைத் துணியில் கட்டிப் பக்கத்தில் வைத்திருந்தார்கள். மூச்சு வாங்கும்போது அவன் நெஞ்சு உள்ளே குழிந்து போனது மட்டும் எனக்கு ஞாபகம் இருக்கிறது. இரண்டாம் நாள் பாட்டில்களை எடுத்துவிட்டார்கள். பெயர் வைக்கவில்லை. அம்மா கடைசிவரை பிள்ளைகள் எத்தனை என்று யாராவது கேட்டால் அவனையும் சேர்த்துத்தான் எண்ணிச் சொல்வாள். கென்னடி மகனுக்கு வந்த அதே நோயாகத்தான் இருந்திருக்கும் என்று இப்போது படிக்கும்போது தோன்றுகிறது.

அந்த வழவழப்புப் பொருளை ஜப்பானிய மருத்துவர் ஃபுஜிவாரா மாட்டு நுரையீரலிலிருந்து எடுத்து, குழந்தைகளின் மூச்சுக்குழாயில் விட்டு, பத்துக் குழந்தைகளிடம் பலன் கண்டதாக 1980இல் எழுதினார். 1990இல் அமெரிக்காவில் இவ்வகை மருந்துக்கு அனுமதி கிடைத்தது. பேட்ரிக் பிறந்து 27 வருஷம் கழித்து.

இப்படிப்பட்ட ஆராய்ச்சிக்கெல்லாம் பணம்? அதிலும் ஒரு வேடிக்கை உண்டு. ரூஸ்வெல்ட் அதிபராக இருந்தபோது, தம்மைத் தாக்கிய போலியோவை ஒழிக்க 1938இல் ஓர் அமைப்பைத் தொடங்கினார். எட்டி கேண்டர் என்ற நகைச்சுவை நடிகர் ரேடியோவில், ஆளுக்கு ஒரு பத்து சென்ட் காசை வெள்ளை மாளிகைக்கு அனுப்புங்கள் என்றார். 'மார்ச் ஆஃப் டைம்ஸ்' என்று பெயர் வைத்ததும் அவர்தான், டைம் என்றால் பத்து சென்ட் காசு. 26 லட்சத்துக்கும் மேற்பட்ட காசுகள் தபாலில் வந்து குவிந்தன. 1955இல் சால்க் தடுப்பூசி வந்து போலியோ அடங்கத் தொடங்கியதும், அந்த அமைப்பு 1958இல் பிறவிக் குறைபாடுகளின் பக்கம் திரும்பியது. மறு வருஷம் அதில் வேலைக்குச் சேர்ந்தவர் வெர்ஜீனியா ஆப்கர். பிறந்த ஒரு நிமிடத்திலும் ஐந்து நிமிடத்திலும் குழந்தையின் இதயத் துடிப்பு, மூச்சு, நிறம், அசைவு, தூண்டினால் காட்டும் எதிர்வினை ஐந்துக்கும் தலா இரண்டு மார்க் போட்டுப் பத்துக்கு எவ்வளவு என்று பார்க்கிறார்களே, அந்த முறையைக் கொண்டுவந்தவர். நம்மில் பலர் வாழ்க்கையில் எழுதிய முதல் தேர்வு அதுதான். யாரும் படித்துவிட்டுப் போகவில்லை.

இந்த மார்ச் ஆஃப் டைம்ஸ் அமைப்புக்கு 20 வருஷம் கௌரவத் தேசியத் தலைவராக இருந்தவர் ஒரு கோல்ஃப் ஆட்டக்காரர். ஆர்னால்ட் பால்மர். 1929இல் பென்சில்வேனியா மாநிலத்து லட்ரோப் என்ற சிற்றூரில் பிறந்தவர். அப்பா அந்த ஊர் கோல்ஃப் கிளப்பில் புல்தரை பராமரிக்கும் வேலை பார்த்தார், பின்னால் பயிற்சியாளரும் ஆனார். வேலைக்காரரின் மகன் என்பதால் உறுப்பினர்கள் வருமுன் விடிகாலையிலோ, அவர்கள் போனபின் மாலையிலோதான் பையன் ஆடலாம். கிளப்பின் நீச்சல் குளத்தில் இறங்கக் கூடாது. அந்தப் பையன் மாஸ்டர்ஸ் பட்டத்தை 1958, 60, 62, 64 என்று நான்கு முறை வென்றான். தொலைக்காட்சி வீட்டுக்கு வீடு வந்த காலம், கோல்ஃபைப் பணக்காரர் முற்றத்திலிருந்து நடுத்தர வீட்டுக் கூடத்துக்குக் கொண்டுவந்தது அவர் முகம்தான். 1971இல் அதே லட்ரோப் கிளப்பை விலைக்கு வாங்கினார். (எலுமிச்சை ரசமும் ஐஸ் டீயும் கலந்த ஒரு பானத்துக்கு அமெரிக்காவில் அவர் பெயர்தான் பெயர். தம்பி மகனைக் கேட்டால் குடித்திருப்பான்.)

கோல்ஃபில் தர்மம் அவருக்கு முன்பே உண்டு. பாடகர் பிங் கிராஸ்பி 1937இல் கலிஃபோர்னியாவில் தொழில்முறை ஆட்டக்காரர்களையும் தம் சினிமா நண்பர்களையும் ஜோடி சேர்த்து ஆடவிட்டார். பிரபலத்தோடு சேர்ந்து ஆட ஆசைப்பட்டுப் பணம் படைத்தவர்கள் வருவார்கள் என்ற சூத்திரம் அங்கே பிடிபட்டுவிட்டது. பால்மர் அதைப் பச்சைக் குழந்தைகளின் பக்கம் திருப்பினார். 1980களில் ஃபுளோரிடாவின் ஆர்லாண்டோ நகரத்து ஆஸ்பத்திரி ஒன்றில், பிறந்த குழந்தைகள் பிரிவை அவரும் மனைவி வின்னியும் சுற்றிப் பார்த்தார்கள். அதன்பின் அவர் பெயரில் நிதி திரட்டப்பட்டது. குழந்தைகளுக்கும் பெண்களுக்குமான ஆர்னால்ட் பால்மர் மருத்துவமனை 1989இல் திறந்தது. வின்னி 1999இல் புற்றுநோயில் இறந்தார். தாய்மாருக்கும் பச்சைக் குழந்தைகளுக்கும் என்று வின்னி பால்மர் பெயரில் இன்னொரு மருத்துவமனை 2006இல் அதன் அருகில் எழுந்தது. அவருடைய பே ஹில் மைதானத்தில் ஒவ்வொரு மார்ச் மாதமும் நடக்கும் பெரிய போட்டியின் வருமானத்தில் ஒரு பங்கு இங்கே வருகிறது. 2016இல் பால்மர் மறைந்தார், போட்டி தொடர்கிறது.

ஆக, அக்காவுக்குப் பதில்: பந்து அடித்தால் குழந்தைக்கு நல்லது ஆகலாம், ஆகியும் இருக்கிறது.

ஆனால் எனக்கு ஒரு குறை உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். ஒரு நாள் திருவிழாவில் வரும் பணம் ஒரு தடவை செலவுக்குத்தான் பொருந்துகிறது. புது இன்குபேட்டர் வாங்கலாம், அதன்மேல் நன்கொடையாளர் பெயரை ஒட்டலாம், பக்கத்தில் நின்று போட்டோ எடுக்கலாம். தாய் வீட்டிலிருந்தபடியே குழந்தையைப் பார்க்க கேமரா வைக்கலாம், தூரத்து ஊரிலிருந்து வரும் பெற்றோர் தங்க அறை கட்டலாம். எல்லாம் நல்லவைதான். ஆனால் மிகவும் முடியாத குழந்தைக்கு ஒரு நர்ஸ், கொஞ்சம் தேறிய இரண்டு குழந்தைகளுக்கு ஒரு நர்ஸ் என்று ராத்திரி மூன்று மணிக்கும் விழித்திருக்க வேண்டுமே, அந்தச் சம்பளம் மாதம் தவறாமல் வேண்டும். அதற்குப் பெயர்ப் பலகை வைக்க முடியாது. கூனியின் கொட்டகையை மேலானது என்று நான் சொல்வது இதனால்தான். அவர் டிக்கெட் காசு நேராக நர்ஸின் சம்பளத்துக்கும் பாலுக்கும் போனது. அந்தக் காசும் கூட்டம் குறைந்ததும் நின்றுபோனது என்பதையும் பார்த்தோம்.

இன்னொன்று. எங்கே பெட்டி வாங்கப் பணமில்லையோ அங்கேயும் வழி பிறந்திருக்கிறது. 1978இல் கொலம்பியா நாட்டுத் தலைநகர் பொகோட்டாவில் எட்கர் ரே சனாப்ரியா என்ற மருத்துவர், ஒரே பெட்டியில் இரண்டு மூன்று குழந்தைகளைப் போட வேண்டியிருந்த நெருக்கடியில், குழந்தையைத் தாயின் மார்போடு தோல்மேல் தோல் படும்படி கட்டிவிட்டார். கங்காரு முறை என்கிறார்கள். இன்று பணக்கார நாட்டு ஆஸ்பத்திரிகளும் செய்கின்றன. மும்பையின் சயான் மாநகராட்சி ஆஸ்பத்திரியில் அர்மிடா ஃபெர்னாண்டஸ் என்ற மருத்துவர் ஆசியாவின் முதல் தாய்ப்பால் வங்கியைத் தொடங்கியதும் 1989இல்தான், ஆர்லாண்டோவில் பால்மர் பெயர் சூட்டிய அதே வருஷம். அது மாநகராட்சிக்குச் சொந்தமான ஆஸ்பத்திரி. வரிப்பணத்தில் நடப்பது. அங்கே போகும் ஏழைத் தாய் யார் பெயர் எழுதிய பெட்டியையும் நிமிர்ந்து பார்த்துக் கும்பிட வேண்டியதில்லை. எனக்கு அது பிடித்திருக்கிறது.

தம்பி மகனிடம் நான் சொன்னது: போ, ஆடு, தொப்பி போட்டுக்கொள், வெயில் தலைவலி உனக்குச் சின்ன வயசிலிருந்தே உண்டு. விருந்தில் அந்த ஆஸ்பத்திரிக்காரர்கள் யாராவது பேச வருவார்கள். அவர்களிடம் இரண்டு கேள்வி கேள். நாங்கள் கொடுத்ததில் சாப்பாடும் மைதான வாடகையும் போக எவ்வளவு உங்கள் கைக்கு வந்தது, அதில் எவ்வளவு ஆள் சம்பளத்துக்குப் போகும்? "அத்தை, அதெல்லாம் அங்க கேக்க முடியாது" என்றான். கேட்கலாம்டா, மரியாதையாகக் கேட்டால் சொல்வார்கள் என்றேன்.

மாணவர்களில் பச்சைக் குழந்தைகள் பிரிவில் நர்ஸாக, டாக்டராக இருப்பவர்கள் இதைப் படித்தால், உங்கள் இடத்தில் ராத்திரி ஒரு நர்ஸுக்கு எத்தனை குழந்தைகள் என்று கீழே எழுதுங்கள். நீங்களே மாதம் நிறையாமல் பிறந்தவர்கள் என்றால் அதையும் எழுதுங்கள். உங்களில் குறைந்தது மூன்று பேரை எனக்குத் தெரியும், அம்மாக்கள் பள்ளியில் சேர்க்கும்போதே சொல்லிவிட்டார்கள். பத்து சென்ட் காசுகள் வெள்ளை மாளிகைக்குத் தபாலில் வந்து குவிந்த கதை பெரியது, அதை அடுத்த வாரம் தனியாக எழுதுகிறேன்.